குமட்டலுக்குக் கஞ்சா: ஐம்பதாண்டு வழக்கு

கஞ்சா வாந்தியைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கு 1975ஆம் ஆண்டே விடை வந்துவிட்டது. கட்டுப்படுத்தும். பாஸ்டன் நகரப் புற்றுநோய் மருத்துவர்கள் முறைப்படி சோதித்து, உலகின் முன்னணி மருத்துவ இதழில் அச்சிட்ட முடிவு அது. பின்னால் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்புகள் எதுவும் அதைப் புரட்டிப் போடவில்லை. இருந்தும் ஐம்பது ஆண்டு கழித்து, கீமோ எடுக்கப்போகும் நோயாளிக்குப் புற்றுநோய் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் கஞ்சாவுக்கு முதல் இடம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது இடமும் இல்லை.

சட்டம்தான் தடை என்கிறார்கள் ஒரு சாரார். மருந்து கம்பெனிகளின் வேலை என்கிறார்கள் இன்னொரு சாரார். கஞ்சா மருத்துவத்துக்கு 2001இலேயே கதவைத் திறந்த கனடாவிலும் அது கடைசி வரிசை மருந்தாகவே இருக்கிறது என்பதால் இந்த இரண்டு விளக்கமும் போதவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாகும். எந்த மருந்தோடு ஒப்பிட்டால்? எந்தக் குமட்டலுக்கு? எவ்வளவு காலம் எடுத்தால்? இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் கஞ்சாவின் இடம் எது என்று தெரியவருகிறது.

கல்கத்தாவிலிருந்து பாஸ்டன் வரை

மேற்கத்திய மருத்துவத்துக்குள் கஞ்சாவைக் கொண்டுபோனவர் கல்கத்தாவில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷாக்னசி. அதற்கு முன்பே, 1831இல், காலரா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, வாந்தியிலும் பேதியிலும் உடல் இழப்பது நீரும் உப்பும்தான் என்று சொன்னவர். இன்று நாம் ஏற்றிக்கொள்ளும் சலைன் பாட்டிலுக்குத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அந்த ஆய்வு. கல்கத்தா வந்த பிறகு உள்ளூர் வைத்தியர்கள் கஞ்சாவைப் பயன்படுத்துவதைப் பார்த்து, முதலில் விலங்குகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் சோதித்தார். வாதவலி, இழுப்பு, வெறிநாய்க்கடி, காலரா ஆகியவற்றில் கண்டதை 1839இல் எழுதினார். அதைத் தொடர்ந்து கஞ்சாச் சாறு ஐரோப்பிய மருந்துக்கடைகளுக்குப் போனது. ஒவ்வொரு புட்டியிலும் வீரியம் ஒவ்வொரு விதமாக இருந்ததால் மருத்துவர்களுக்கு அதன்மேல் நம்பிக்கை குறைந்தது. பிறகு தடைச்சட்டங்களும் சேர்ந்துகொள்ள, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது மருத்துவப் புத்தகங்களிலிருந்தே மறைந்துபோனது.

மீண்டும் உள்ளே வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று வேதியியல். 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் கஞ்சாவின் போதைக்குக் காரணமான டிஎச்சி என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். அதன்பின் மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்க முடிந்தது. இன்னொன்று கீமோ. ரத்தப் புற்றுநோய்க்கும் விரைப் புற்றுநோய்க்கும் அந்தக் காலத்தில் வந்த புதிய மருந்துகள் உயிரைக் காத்தன. கூடவே குடலையே வெளியே தள்ளுவதுபோல் வாந்தியையும் கொண்டுவந்தன. சிஸ்பிளாட்டின் ஊசி போட்டவர்களில், தடுப்பு மருந்து இல்லாவிட்டால், வாந்தி எடுக்காதவர் அரிது. பலர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்கள்.

இந்த நோயாளிகளில் இளைஞர்கள் நிறைய. பொழுதுபோக்குக்காகக் கஞ்சா புகைத்துப் பழகிய சிலர், கீமோவுக்கு முன் ஒரு சுருட்டு பிடித்துவிட்டு வந்தால் வாந்தி அடங்குகிறது என்று மருத்துவர்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். ஹார்வர்டின் மனநல மருத்துவர் லெஸ்டர் கிரின்ஸ்பூன் கஞ்சாவைப் பற்றி 1971இல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அவருடைய மகனுக்கே ரத்தப் புற்றுநோய். ஊசி போட்ட நாளெல்லாம் மணிக்கணக்கில் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்த பையன், கஞ்சா எடுத்துக்கொண்டு போன நாளில் வீடு திரும்பும் வழியிலேயே சாப்பிடக் கேட்டான் என்று கிரின்ஸ்பூன் பின்னாளில் எழுதினார். இந்தச் செய்தி பாஸ்டனின் புற்றுநோய் மருத்துவர்கள் காதுக்கும் எட்டியது.

ஸ்டீபன் சாலன், நார்மன் சின்பர்க், எமில் ஃப்ரை மூவரும் 22 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒரே நோயாளிக்கு ஒரு முறை டிஎச்சி மாத்திரை, இன்னொரு முறை மருந்தில்லாத போலி மாத்திரை. எது எப்போது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. டிஎச்சி கொடுத்த 20 சுற்றுகளில் 14இல் வாந்தி குறைந்தது. போலி மாத்திரை கொடுத்த 22 சுற்றுகளில் ஒன்றில்கூடக் குறையவில்லை. போதை ஏறிய நிலையில் இருந்த ஒருவர்கூட வாந்தி எடுக்கவில்லை என்றும் அவர்கள் பதிவு செய்தார்கள். இந்தக் கடைசி வரியிலேயே கஞ்சா ஆய்வுகள் அனைத்தையும் பின்தொடரும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. போதை ஏறினால், தான் விழுங்கியது எந்த மாத்திரை என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும். மறைத்துக் கொடுப்பது என்ற ஏற்பாடு அங்கேயே ஓட்டையாகிறது.

உடலுக்குள் நடப்பது

கீமோ மருந்து குடலின் உட்சுவரைத் தாக்கும்போது அங்குள்ள சில செல்கள் செரட்டோனினைக் கொட்டுகின்றன. அது வேகஸ் நரம்பைத் தூண்ட, சேதி முகுளத்துக்குப் போகிறது. ரத்தத்தில் கலந்த நஞ்சை நேரடியாக மோப்பம் பிடிக்கும் ஒரு பகுதியும் மூளையின் அந்த அடிப்பகுதியில் இருக்கிறது. முதல் 24 மணி நேர வாந்திக்குச் செரட்டோனின் முக்கியக் காரணம். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வரும் தாமத வாந்தியில் சப்ஸ்டன்ஸ் பி என்ற வேறொரு வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு.

டிஎச்சி பிடித்துக்கொள்ளும் ஏற்பி 1988இல் அடையாளம் காணப்பட்டது. 1992இல் அதே ஏற்பிக்காக நம் உடலே சுரக்கும் பொருளையும் மெக்கூலத்தின் ஆய்வகம் கண்டுபிடித்தது. சிபி1 எனப்படும் இந்த ஏற்பி, வாந்தியைக் கட்டுப்படுத்தும் முகுளப் பகுதியிலும் குடல் நரம்புகளிலும் இருக்கிறது. நரம்பு முனைகளில் உட்கார்ந்து, செரட்டோனின் போன்றவை அளவுக்கு மீறி வெளியேறாமல் அடக்கி வைப்பது அதன் வேலை. இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. சிபி1 ஏற்பியை அடைத்துப் பசியைக் குறைக்கும் ரிமோனபான்ட் என்ற மாத்திரை 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்து, மனச்சோர்வு உண்டாக்கியதால் 2008இல் நிறுத்தப்பட்டது. அதைச் சாப்பிட்டவர்களிடம் அடிக்கடி காணப்பட்ட பக்கவிளைவு குமட்டல்.

இந்த ஆய்வுகளில் நமக்குத் தெரிந்த ஒரு பிராணிக்கும் பங்கு இருக்கிறது. எலிக்கு வாந்தி எடுக்கும் திறன் கிடையாது. அதனால் வாந்தி ஆராய்ச்சிக்கு எலி முழுமையாகப் பயன்படாது. நம் வீடுகளில் இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டபடி ஓடும் மூஞ்சூறு பார்வைக்கு எலி மாதிரி இருந்தாலும் வேறு இனம். அது வாந்தி எடுக்கும். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் லிண்டா பார்க்கர் குழு, மூஞ்சூறுக்குக் குமட்டல் உண்டாக்கும் மருந்தைக் கொடுத்து ஒரு குறிப்பிட்ட பெட்டியில் விட்டது. சில தடவை இப்படிச் செய்த பிறகு மருந்தே கொடுக்காமல் அந்தப் பெட்டியில் விட்டாலும் மூஞ்சூறு ஓங்கரித்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, டிஎச்சி கொடுத்தால் ஓங்கரிப்பு அடங்கியது; கஞ்சாவின் போதையற்ற சேர்மமான சிபிடிக்கும் அடங்கியது; இன்று உலகெங்கும் வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரானுக்கு அடங்கவில்லை.

மூன்று நான்கு கீமோ முடித்தவர்களில் சிலருக்கு, ஆஸ்பத்திரி வாசல் வாடை பட்டாலே வயிற்றைப் புரட்டும். மருந்து உள்ளே போகும் முன்பே வாந்தி வந்துவிடும். அந்தப் பெட்டிக்குள் மூஞ்சூறு பட்ட பாடு இதற்கு மிக நெருக்கமானது. மனிதர்களிடம் இந்த முன்கூட்டிய குமட்டலுக்குக் கஞ்சா உதவுகிறதா என்பதற்கு வலுவான சோதனை இன்னும் இல்லை. ஆனால் வாந்தியை அடக்கும் வழியும் குமட்டலை அடக்கும் வழியும் ஒன்றல்ல என்பதை இந்த ஆய்வு அழுத்தமாகச் சொல்கிறது. வாந்தியை எண்ணிவிடலாம். குமட்டலை நோயாளி சொன்னால்தான் உண்டு. எண்ணக்கூடியதையே மருந்து ஆய்வுகள் நீண்டகாலம் எண்ணிக்கொண்டிருந்தன.

வென்றது யாரை?

1975க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் ஆய்வுகள் சரசரவென வந்தன. 1979இல் அமெரிக்காவின் இண்டியானாவில் நாபிலோன் என்ற செயற்கைக் கஞ்சா மருந்தை, அப்போது வழக்கத்தில் இருந்த புரோகுளோர்பெரசினோடு மோதவிட்டார்கள். 113 நோயாளிகளில் நாபிலோனுக்குப் பலன் கண்டவர்கள் 80 சதவீதம். பழைய மருந்துக்கு 32 சதவீதம். 1978இல் நியூ மெக்சிகோ மாநிலம், புற்றுநோயாளி ஒருவரின் விடாப்பிடியான கோரிக்கையை ஏற்று, கஞ்சாவை மருந்தாக ஆராய்ச்சி முறையில் வழங்கச் சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1985இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு மாத்திரைகளுக்கு அனுமதி தந்தது: ஆய்வகத்தில் செய்த டிஎச்சியை நல்லெண்ணெயில் கரைத்து அடைத்த ட்ரோனபினால், மற்றொன்று நாபிலோன். வழக்கமான மருந்து கேட்காத கீமோ வாந்திக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு.

மார்ட்டின் ட்ராமரும் சகாக்களும் 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 30 ஆய்வுகளை, 1,366 நோயாளிகளின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவற்றைவிடக் கஞ்சா மருந்துகள் மேல் என்றது முடிவு. ஆறு பேருக்குக் கொடுத்தால் பழைய மருந்தைவிடக் கூடுதலாக ஒருவருக்குக் குமட்டல் முழுமையாக நிற்கும். ஆனால் பாதிப்பேருக்கு மயக்கத் தூக்கம், மூன்றில் ஒருவருக்குப் போதை, நான்கில் ஒருவருக்கு ரத்த அழுத்த வீழ்ச்சி. நூற்றில் ஆறு பேர் இல்லாததைக் கண்டார்கள். ஐந்து பேருக்கு யாரோ தனக்குக் கேடு செய்கிறார்கள் என்ற அச்சம் பிடித்தது. பக்கவிளைவு தாளாமல் ஆய்விலிருந்து விலகியவர்களும் கஞ்சாத் தரப்பில்தான் அதிகம். அப்படியும், எது வேண்டும் என்று கேட்டபோது பல நோயாளிகள் கஞ்சா மருந்தையே கேட்டார்கள் என்பது இந்தத் தொகுப்பின் சுவையான செய்தி. வாந்தி அவ்வளவு பாடுபடுத்தியிருக்கிறது. சிறிது போதை அவர்களுக்குப் பெரிய பாரமாகப் படவில்லை.

இந்த வெற்றிகளின் தேதிதான் பிரச்சினை. 2015இல் காக்ரேன் அமைப்பு 23 ஆய்வுகளைத் திரட்டியபோது அவை எல்லாம் 1975க்கும் 1991க்கும் இடைப்பட்டவை. ஒண்டான்செட்ரானுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஆண்டு 1991. அதே ஆண்டில்தான், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களிடம் நடத்திய ஒரு கணக்கெடுப்பும் வெளியானது. பதிலளித்தவர்களில் 44 சதவீதத்தினர், ஒரு நோயாளிக்காவது கஞ்சாவைப் பரிந்துரைத்ததாகச் சொல்லியிருந்தார்கள். சட்டவிரோதமானது என்று தெரிந்தே சொன்னார்கள். கையில் இருந்த மற்ற மருந்துகள் அவ்வளவு மட்டமாக இருந்தன.

ஒண்டான்செட்ரான் வந்ததும் ஆட்டம் மாறியது. குடலில் கொட்டும் செரட்டோனினின் வழியை அது நேரடியாக அடைத்தது. போதை இல்லை, தள்ளாட்டம் இல்லை. இன்று எமிசெட் என்ற பெயரில் நம் ஊர் மருந்துக்கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது அதுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில், வாந்தி வரவழைக்கும் ஒரு மருந்தை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். கஞ்சாப் புகை குமட்டலைக் கொஞ்சம் தணித்தது. ஒண்டான்செட்ரான் வாந்தியை முற்றிலும் நிறுத்திவிட்டது. 2003இல் சப்ஸ்டன்ஸ் பியின் வழியை அடைக்கும் அப்ரெபிடான்ட் வந்தது. டெக்ஸாமெத்தசோனையும் சேர்த்து மூன்று மருந்துக் கூட்டணி வழக்கமானது. கஞ்சா வென்ற எதிரிகள் களத்தை விட்டே போய்விட்டார்கள். புதிய எதிரிகளோடு அது பெரும்பாலும் மோதவே இல்லை. மோதிய ஓர் ஆய்வு 2007இல் வந்தது. அறுபத்துச் சொச்சம் நோயாளிகளைக் கொண்ட அந்தச் சிறு ஆய்வில், தாமத வாந்திக்கு ட்ரோனபினாலும் ஒண்டான்செட்ரானும் ஏறக்குறைய சமமாக நின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் இல்லை.

2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் பெரிய அறிக்கை, கீமோ வாந்திக்கு வாய்வழிக் கஞ்சா மருந்துகள் பலனளிக்கும் என்பதற்கு உறுதியான சான்று உண்டு என்றது. கஞ்சா ஆதரவாளர்கள் இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டும் வாசகம் அதுதான். அது பொய்யல்ல. ஆனால் அந்தச் சான்றின் பெரும்பகுதி எந்தக் காலத்து மருந்துகளோடு ஒப்பிட்டுப் பெற்றது என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

மிஞ்சி நிற்கும் குமட்டல்

அப்படியானால் கஞ்சாவுக்கு வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2016இல் ருடால்ஃப் நவாரி குழு 380 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வைப் பார்த்தால் காரணம் தெரியும். எல்லோருக்கும் நவீன மூன்று மருந்துக் கூட்டணி கொடுக்கப்பட்டது. அதோடு ஒரு பாதிக்கு ஓலான்சபின் என்ற மனநல மாத்திரை, மறுபாதிக்குப் போலி மாத்திரை. போலி மாத்திரை எடுத்தவர்களில், ஐந்து நாளும் குமட்டலே இல்லாமல் கழித்தவர்கள் 22 சதவீதம் மட்டுமே. உலகின் சிறந்த மருந்துகள் மூன்று உள்ளே போன பிறகும் ஐந்தில் நான்கு பேருக்குக் குமட்டல். ஓலான்சபின் சேர்ந்தபோது அந்த 22 சதவீதம் 37 ஆனது. வாந்தி பெரும்பாலும் அடங்கிவிட்டது. குமட்டல் அடங்கவில்லை. கஞ்சாவுக்கான உண்மையான இடம் இந்த இடைவெளிதான்.

ஆஸ்திரேலியாவில் பீட்டர் கிரிமிசன் தலைமையில் நடந்த ஆய்வு அந்த இடைவெளியைக் குறிவைத்தது. வழக்கமான தடுப்பு மருந்துகளை எடுத்தும் முந்தைய கீமோவில் வாந்தியோ குமட்டலோ வந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். பழைய மருந்துகளை நிறுத்தாமல், அவற்றோடு கஞ்சாச் சாறு அடைத்த கேப்சூல் கொடுத்தார்கள். ஒரு கேப்சூலில் 2.5 மில்லிகிராம் டிஎச்சியும் அதே அளவு சிபிடியும். ஐந்து நாளும் வாந்தியில்லாமல், அவசர மாத்திரை எதுவும் தேவைப்படாமல் இருந்தால்தான் வெற்றி என்பது அளவுகோல். 2020இல் வெளியான முதல் கட்டத்தில் இது 14 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது. 147 பேரின் முழு முடிவுகள் 2024இல் வந்தபோது, போலி மாத்திரைக்கு 8 சதவீதம், கஞ்சாவுக்கு 24 சதவீதம். முதல் கட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மயக்கம், தலைசுற்றல், குழப்பம் என நடுத்தரம் முதல் கடுமைவரை தொந்தரவு இருந்தது. ஆயினும் அதே கட்டத்தில் இரண்டையும் எடுத்துப் பார்த்தவர்களில் 83 சதவீதத்தினர் கஞ்சாச் சுற்றையே விரும்பினார்கள்.

மூன்று மடங்கு என்று தலைப்புச் செய்தி போடலாம். நாலில் மூன்று பேருக்கு அப்போதும் பலனில்லை என்றும் போடலாம். இரண்டும் அதே எண்ணிக்கைதான். அடுத்து, கஞ்சா இங்கே மோதியது போலி மாத்திரையோடு, ஓலான்சபினோடு அல்ல. ஓலான்சபினோ விலை மலிந்த பழைய மனநல மாத்திரை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2024இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராம் கொடுத்தபோதும் வாந்திக் கட்டுப்பாடு குறையவில்லை, பகல் தூக்கம் வெகுவாகக் குறைந்தது. கஞ்சா இனி ஈடுகொடுக்க வேண்டியது இந்த மருந்துக்கு.

மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடும் இதை ஒட்டியே இருக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல், மற்ற மருந்துகளைச் சரியாகக் கொடுத்தும் அடங்காத கீமோ வாந்திக்குக் கூடுதலாக நாபிலோனைக் கருதலாம் என்றது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2024இல் ட்ரோனபினால், நாபிலோன், தரம் சோதிக்கப்பட்ட டிஎச்சி–சிபிடி சமஅளவுச் சாறு மூன்றையும் அதே நிபந்தனையோடு ஏற்றது.

புகையா, மாத்திரையா?

வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு மாத்திரை கொடுப்பதில் உள்ள அபத்தத்தை நோயாளிகள்தான் முதலில் சுட்டிக்காட்டினார்கள். விழுங்கிய டிஎச்சியின் பெரும்பகுதி ஈரலிலேயே மாற்றமடைந்துவிடும். ரத்தத்துக்குப் போய்ச்சேருவது கால்பங்குக்கும் குறைவு. வேலை காட்ட ஒன்றிரண்டு மணி நேரமாகும். ஆளுக்கு ஆள் அளவு மாறும். புகை சில நிமிடங்களில் மூளைக்குப் போகும். போதும் என்று தோன்றும்போது நிறுத்திக்கொள்ளலாம். ஆனாலும் 1984இல் இருபது பேரிடம் இரண்டையும் கொடுத்துக் கேட்டபோது மாத்திரையை விரும்பியவர்கள் 35 சதவீதம், புகையை விரும்பியவர்கள் 20 சதவீதம், மற்றவர்கள் எதுவானாலும் சரி என்றார்கள். அதோடு, கீமோவால் வெள்ளணு சரிந்து கிடப்பவருக்குப் பூஞ்சை படிந்த கஞ்சாப் புகை நுரையீரலில் ஆபத்தான தொற்றை விதைக்கக்கூடும். வாய்வழி மருந்துக்கு இருக்கும் அளவுக்குச் சான்று புகைக்குக் கிடையவே கிடையாது.

சிபிடி எண்ணெய் மட்டும் போதுமே என்பவர்களும் உண்டு. சிஸ்பிளாட்டின் கொடுத்த மூஞ்சூறுகளிடம் சிபிடி குறைந்த அளவில் வாந்தியைக் குறைத்தது; அளவைக் கூட்டியபோது வாந்தியை அதிகமாக்கியது. அளவு தெரியாமல் சொட்டு விடும் கடைச்சரக்குக்கு இது ஓர் எச்சரிக்கை.

குழந்தைகளைப் பற்றிய பதிவு ஒன்று தனித்து நிற்கிறது. 1995இல் ஜெருசலேமில், போதை குறைந்த டெல்டா–8 வகை டிஎச்சியை எட்டுக் குழந்தைகளுக்குக் கீமோவின்போது கொடுத்தார்கள். வாந்தி முழுதும் நின்றது, பக்கவிளைவு அற்பம் என்றார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் நம்பிக்கை தரும் தடயமாக மட்டுமே அதைக் கொள்ள முடியும்.

எல்லாக் குமட்டலும் ஒன்றல்ல

கீமோவுக்குப் பலன் தந்தால் மசக்கைக்கும் தராதா என்று நினைப்பது இயல்பு. கலிபோர்னியாவில் கர்ப்பிணிகளிடம் நடத்திய பெரிய ஆய்வில், குமட்டல் இல்லாதவர்களைவிடக் கடுமையான குமட்டல் உள்ளவர்களிடம் கஞ்சாப் பழக்கம் இரு மடங்குக்கும் மேல் காணப்பட்டது. கொலராடோவில் கர்ப்பிணி போல் நடித்து 400 கஞ்சாக் கடைகளுக்குப் போன் செய்து கேட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதக் கடைகள் தயங்காமல் கஞ்சாவைப் பரிந்துரைத்தன. டிஎச்சி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகும். குழந்தையின் எடைக் குறைவோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் கர்ப்பக் காலத்தில் கூடவே கூடாது என்கிறது. மசக்கைக்குப் பழகிப்போன, பத்திரமான மருந்துகள் இருக்கும்போது இதில் விவாதத்துக்கு இடமில்லை.

அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய வாந்திக்கும் கஞ்சா கைகொடுக்கவில்லை. மயக்க மருந்துக்கு முன் நாபிலோன் கொடுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் பலனில்லை. டிஎச்சியை ஊசியாக ஏற்றிய இன்னோர் ஆய்வைப் பலனின்மையும் பக்கவிளைவும் கண்டு பாதியிலேயே நிறுத்தினார்கள்.

மருந்தே நோயாகும்போது

2004இல் தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதியிலிருந்து ஜே.எச். ஆலனும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை இந்த வழக்கில் எதிர்பாராத சாட்சியாக வந்தது. பல ஆண்டுகளாகத் தினமும் கஞ்சா பிடித்த சிலருக்குச் சில வாரம், சில மாத இடைவெளியில் அடக்கவே முடியாத வாந்தி வந்தது. அவர்களிடம் ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. வாந்தி வரும் நாட்களில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் திரும்பத் திரும்பக் குளித்தார்கள். வெந்நீர் உடம்பில் படும்வரைதான் நிம்மதி; தண்ணீர் ஆறினால் மறுபடி ஆரம்பம். கஞ்சாவை நிறுத்திய ஏழு பேருக்கு வாந்தி நின்றது. அவர்களில் மீண்டும் தொட்ட மூவருக்கு மீண்டும் வந்தது.

இன்று கஞ்சாப் பயன்பாடு பெருகிய நாடுகளில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் இந்த நோயை அன்றாடம் பார்க்கிறார்கள். ஒண்டான்செட்ரான் இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. ஹாலோபெரிடால் மேல் என்று கனடா ஆய்வு ஒன்று காட்டியது. மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் கலந்த களிம்பை வயிற்றில் தடவினால் சிலருக்குத் தணிகிறது. வெந்நீர் தூண்டும் அதே சூட்டு ஏற்பியை அது தூண்டுகிறது. முழுத் தீர்வு கஞ்சாவை விடுவது ஒன்றே. நீண்டகாலம் அதிக அளவு டிஎச்சி ஏறும்போது சிபி1 ஏற்பிகள் மரத்துப்போய், வாந்தியை அடக்கிய கட்டுப்பாடு தலைகீழாகிறது என்பது இப்போதைய ஊகம். பெரிய கொடுமை என்னவென்றால், குமட்டல் வந்ததும் நோயாளி அதைத் தணிக்க இன்னும் கொஞ்சம் கஞ்சா எடுக்கிறார். கஞ்சா வாந்திக்கு மருந்து என்றுதானே ஊரெல்லாம் சொல்கிறது.

கீமோவுக்காக மாதத்தில் ஐந்து நாள் சில மில்லிகிராம் எடுப்பவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீரியம் கூடிய சரக்கைத் தினமும் வருடக்கணக்கில் எடுப்பவர்களிடம்தான் இது வருகிறது.

நம் பக்கம்

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மருத்துவப் பயன் அற்ற மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. 27க்கு 25 என்று நூலிழையில் நிறைவேறிய அந்த வாக்கெடுப்பில் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. உள்நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாப் பூவையும் பிசினையும் தடுக்கிறது. தனியாக இருக்கும் இலையையும் விதையையும் அந்த வரையறையில் சேர்க்கவில்லை. மருந்துச் சட்ட விதிகளின் ஈ–1 அட்டவணையில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டிய சித்த மருத்துவ நச்சுச் சரக்குகளில் எட்டியோடும் அபினோடும் கஞ்சாவும் இருக்கிறது. ஆக, கஞ்சா மருந்து என்ற எண்ணமே நமக்குப் புதிதல்ல. ஆனால் சித்த, ஆயுர்வேதத் தயாரிப்புகளைக் கீமோ வாந்திக்காக இன்றைய முறையில் சோதித்துத் தேற்றிய சான்றை வைத்துக்கொண்டு யாரும் அவற்றை விற்கவில்லை. ட்ரோனபினால், நாபிலோன் மாத்திரைகள் நம் மருந்துக்கடைகளில் கிடைப்பதுமில்லை.

இங்கே ஒரு நோயாளியின் குடும்பம் யாரோ சொல்லிக் கஞ்சா தேடிப் போகுமானால், பெரும்பாலும் அதற்குமுன் நடந்திருக்க வேண்டிய சில காரியங்கள் நடக்காமல் போயிருக்கும். கீமோவுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் எடுக்க வேண்டிய மாத்திரையை, வாந்தி இல்லையே என்று விட்டிருப்பார்கள். குமட்டல் இருந்ததை அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். மருத்துவரும் வாந்தி எத்தனை தடவை என்று கேட்டிருப்பார், குமட்டல் எப்படி என்று கேட்டிருக்க மாட்டார். ஓலான்சபினைச் சேர்த்துப் பார்க்காமலே விட்டிருப்பார்கள். செய்திருக்க வேண்டிய இவை எல்லாம் மலிவானவை, சட்டத்துக்கு உட்பட்டவை.

இவையெல்லாம் செய்தும் அடங்காத குமட்டலோடு சிலர் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு அளவு தெரிந்த, தரம் சோதித்த, வாய்வழிக் கஞ்சா மருந்து ஒரு நியாயமான அடுத்த படி. நான்கில் ஒருவருக்கு அது கைகொடுக்கலாம், கூடவே மயக்கமும் தரலாம். அந்த மருந்தை அவர்களுக்குக் கிடைக்காமல் செய்வதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. அவர்களைக் காட்டி எல்லா வாந்திக்கும் கஞ்சாவை விற்பதற்கும் காரணம் இல்லை. இந்தியாவில் இனி நடக்க வேண்டிய ஆய்வு ஒன்றுதான்: குறைந்த அளவு ஓலான்சபின் ஒரு பக்கம், தரப்படுத்திய கஞ்சாச் சாறு இன்னொரு பக்கம், எண்ண வேண்டியது வாந்தியை மட்டுமல்ல, குமட்டலையும். அதற்கு வேண்டிய நோயாளிகளும், புற்றுநோய் மையங்களும், செடியும் இங்கேயே இருக்கின்றன. வேண்டியது அனுமதி.